உதிரும் மாங்காய்: மணல் வளவில் இப்போது செய்ய வேண்டியவை

புத்தளம் கரையோரத்தில் மாமரங்களின் பெரும்போகம் மே முதல் ஜூலை வரை. கற்பிட்டி, முந்தல், உடப்பு, சிலாபம் பக்கங்களில் தென்மேல் பருவக்காற்று பலமாக வீசுவதும் இந்தக் காலத்தில்தான். காற்றுக்கு விழுந்தவை, பாரம் தாங்காமல் மரமே கழித்தவை, குலையின் நெருக்கம் குறைக்கப் பறித்தவை என வளவில் காய்கள் சேரும். அவற்றில் பிஞ்சு சமையலுக்கு உதவும். முற்றி விழுந்ததைக் கிடக்கவிட்டால் பழ ஈ பெருகும்.

பிரித்தெடுத்தல்

பழ ஈ பெரும்பாலும் முற்றிய காயிலும் பழத்திலுமே முட்டையிடும். பச்சைப் பிஞ்சை அரிதாகவே நாடும். தோலில் ஊசி குத்தியது போன்ற புள்ளி, அதில் பிசின் துளி, சுற்றிலும் பழுப்பேறிய மென்மை ஆகியவை தாக்குதலின் அடையாளம். வெட்டினால் வெண்ணிறப் புழுக்கள் தெரியும். வளர்ந்த புழுவை நிலத்தில் போட்டால் உடலை வளைத்துத் துள்ளும். காய் விழுந்த பின் புழு வெளியேறி, மணலில் சில சென்ரிமீற்றர் ஆழத்தில் கூட்டுப்புழுவாகி, ஏறத்தாழ பத்து நாளில் ஈயாக வெளிவரும். ஆகவே விழுந்தவற்றை நாள்தோறும் பொறுக்க வேண்டும். முடியாதவர்கள் மூன்று நாளுக்கு ஒரு முறையாவது பொறுக்க வேண்டும்.

சமையலுக்கு

தோல் பிளவாத பிஞ்சும் காயும் மட்டும் ஏற்றவை. வெடித்தவை, அணிலோ வௌவாலோ கடித்தவை, பூஞ்சணம் பிடித்தவை ஆகாது. காம்பிலிருந்து வடியும் பால் வாயையும் தோலையும் புண்ணாக்கும். காம்பைக் கிள்ளி, காயைக் கவிழ்த்து வைத்துப் பால் வடிந்த பின் ஓடும் நீரில் கழுவ வேண்டும். நிலத்தில் கிடந்ததைப் பச்சையாகத் தின்னாமல் கறியாகவோ அச்சாறாகவோ ஆக்குவது நல்லது. உப்பிலிட, ஒரு லீற்றர் நீருக்கு 150 கிராம் உப்பிட்டுக் கொதிக்கவைத்து ஆற்றி, கண்ணாடி அல்லது மண் பாத்திரத்தில் பிஞ்சுகள் முழுதும் மூழ்கும்படி ஊற்ற வேண்டும். அலுமினியப் பாத்திரம் கூடாது. அயல் மிளகாய், வெங்காயத் தோட்டத்து மருந்து மரத்தில் பட்டிருந்தால், மருந்துப் போத்தலில் குறித்த காத்திருப்புக் காலம் முடியும் வரை அந்த மரத்துக் காயை உண்ணவும் கால்நடைக்குக் கொடுக்கவும் கூடாது.

ஆடு மாடுகளுக்கு

முழுக் காய் மாட்டின் தொண்டையில் சிக்கும். கொட்டை நீக்கி, நறுக்கி, வழக்கமான தீனியோடு சிறிதளவே கொடுக்க வேண்டும். பழுத்ததை ஒரேயடியாகக் கொட்டினால் வயிறு புளித்து நோயாகும்.

அழித்தல்

புழு விழுந்த காயைப் புதைப்பதே பொதுவான ஆலோசனை. ஆனால் கற்பிட்டித் தீபகற்பத்து மணலில் நிலத்தடி நீர் மேலாக நிற்கிறது, குடிநீர்க் கிணறுகளும் ஆழமற்றவை. இங்கு வெயிலே சிறந்த வழி. தடித்த கறுப்புப் பொலித்தீன் பையில் காய்களை இட்டு, காற்றுப் புகாமல் இறுகக் கட்டி, நிழல் விழாத இடத்தில் இரண்டு வாரம் வைத்தால் புழு சாகும். காகமும் ஆடும் பையைக் கிழிக்காதபடி மேலே பழைய வலையைப் போட்டு வைக்கலாம். அதன் பின் உள்ளிருப்பதைக் கூட்டுப்பசளையில் சேர்க்கலாம்.

புதைத்தே ஆக வேண்டுமானால் கிணற்றுக்கு 15 மீற்றருக்கு அப்பால், குழியின் அடியில் நீர் ஊறாத இடமாகப் பார்க்க வேண்டும். காய்களின் மேல் இரண்டடி மண் போட்டு இறுக மிதிக்க வேண்டும். தளர்ந்த மணலைத் துளைத்து ஈ வெளியே வந்துவிடும்.

புழுவுள்ள காயை நேரே பசளைக் குவியலில் போடக் கூடாது. சூடேறாத குவியலில் புழு பிழைக்கும். தென்னை வளவில் மூடாத குவியல் காண்டாமிருக வண்டுக்கும் இடமாகும். குவியலைப் புரட்டும்போது தென்படும் தடித்த வெண்புழுக்களைப் பொறுக்கி அழிக்க வேண்டும். களப்பிலோ வீதியோரத்திலோ காய்களைக் கொட்டக் கூடாது. வில்பத்துவை அடுத்த வண்ணாத்திவில்லுப் பக்கத்தில் அழுகும் பழ வாசனை யானையையும் பன்றியையும் வீட்டருகே இழுக்கும்.

மரத்தில் நிற்பவற்றுக்கு

குலைக்கு ஒன்றிரண்டு காயை விட்டு, முற்றும் முன்பே கடதாசிப் பையால் மூடினால் ஈ அண்டாது. மீதைல் இயுஜினோல் பொறி ஆண் ஈக்களை மட்டுமே கவரும். ஆகவே பொறி கட்டினாலும் உதிர்காய் பொறுக்குவதை நிறுத்தக் கூடாது. மேலதிக விளக்கங்களை விவசாயத் திணைக்களத்தின் 1920 தொலைபேசிச் சேவையில் பெறலாம்.