டிராக்டர் கியர் பாக்ஸ்: பிரித்தால் முழுமையாகச் சீர்செய்க

பழைய டிராக்டரை வாங்கி உழவுக்கும் பாரம் இழுக்கவும் பயன்படுத்தும் சிறு விவசாயிகள் பலர். எஞ்சின் நல்ல நிலையில் இருந்தாலும், பல ஆண்டுகள் சேற்றுழவு செய்த வண்டியில் கியர் பாக்ஸ் தேய்ந்திருக்கக் கூடும். உழவு சமயத்தில் கியர் நழுவத் தொடங்கினால், அவசரமாகப் பிரித்து, உடைந்த பற்சக்கரம் ஒன்றை மட்டும் மாற்றி மூடிவிடுகிறார்கள். அடுத்த பருவத்திலேயே அதே கோளாறு திரும்பவும் வருகிறது. ஒரு பேரிங்கை மிச்சம் பிடிக்கப்போய், டிராக்டரை மறுபடியும் பிரிக்கும் கூலியும், உழவு நின்ற நாட்களின் நஷ்டமும் தலையில் விழுகின்றன.

பிரிக்கும் முன்

கியர் விழும்போது கரகரவென்று சத்தம் வந்தால் உடனே கியர் பாக்ஸைக் குறை கூற வேண்டாம். முதலில் கிளட்ச் பெடலைக் கவனிக்கவும். பெடலுக்குத் தேவையான தளர்வு கையேட்டில் குறிப்பிட்டிருக்கும். தளர்வு அதிகமானால் கிளட்ச் முழுதும் விடுபடாது. கியர் பற்கள் மோதும். இதைப் பண்ணையிலேயே சரிசெய்யலாம்.

அடுத்து சத்தத்தைக் கேட்டுப் பாருங்கள். நியூட்ரலில் எஞ்சின் ஓடும்போது உறுமல் கேட்டு, கிளட்சை முழுதும் மிதித்தவுடன் அடங்கினால், கியர் பாக்ஸின் உள்ளே நுழையும் ஷாப்ட் அல்லது அதனுடன் சேர்ந்து சுழலும் ஷாப்டின் பேரிங் தேய்ந்திருக்கலாம். மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் கிளட்ச் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். ஒரே ஒரு கியரில் மட்டும் சத்தம் வந்தால் அந்த ஜோடிப் பற்சக்கரங்களைப் பார்க்க வேண்டும்.

கியர் நழுவுவது ஏன்?

பழைய மாஸி பெர்குசன் 1035 போன்ற வண்டிகளில் முன்னோக்கி 6 கியர்களும் பின்னோக்கி 2 கியர்களும் உண்டு. பற்சக்கரமே ஷாப்டின் மேல் நகர்ந்து மற்றொன்றுடன் சேரும் முறை இது. மூன்று வேகங்களும் ஒரு ரிவர்சும்தான் உள்ளே இருக்கும். ஹை, லோ லீவர் அவற்றை இரட்டிப்பாக்குகிறது. ஆகவே, ஒரு குறிப்பிட்ட வேகம் ஹையிலும் லோவிலும் நழுவினால் கோளாறு அந்த வேகத்தின் பற்சக்கரத்திலோ போர்க்கிலோ இருக்கும். எல்லா வேகங்களும் லோவில் மட்டும் நழுவினால் ஹை, லோ பகுதியைப் பார்க்க வேண்டும். மெக்கானிக்கிடம் இதைத் தெளிவாகச் சொன்னால் வேலை பாதி குறையும்.

வண்டி ஓடும்போதே கியர் மாற்றுவதால் பற்களின் முனை மழுங்கி, சாய்வாகத் தேய்கிறது. பாரம் ஏறும்போது அந்தச் சாய்வு பற்சக்கரத்தை வெளியே தள்ளுகிறது. போர்க் தேய்வது, கியரைப் பிடித்து நிறுத்தும் பந்தும் ஸ்பிரிங்கும் பலவீனமாவது, பேரிங் தேய்ந்து ஷாப்ட் ஆடுவது ஆகியவையும் காரணங்களே. பற்சக்கரத்தை மட்டும் மாற்றி, ஆடும் ஷாப்டை அப்படியே விட்டால் புதிய பற்களும் விரைவில் தேயும்.

பிரிக்கும்போது

எஞ்சினையும் கியர் பாக்ஸையும் தனித்தனியே பிரிப்பது கனமான, ஆபத்தான வேலை. சமதரையில் இரு பகுதிகளுக்கும் உறுதியான ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். முன் அச்சின் இருபுறமும் மரஆப்பு வைக்காவிட்டால் எஞ்சின் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது.

வெளிப்புறச் சேற்றை நன்கு கழுவிய பிறகே திறக்க வேண்டும். ஆயிலைச் சுத்தமான பாத்திரத்தில் வடித்துப் பாருங்கள். டிரெயின் பிளக்கில் காந்தம் இருந்தால், அதில் மெல்லிய சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம். செதிலோ துண்டோ இருந்தால் எங்கோ பல் அல்லது பேரிங் உடைகிறது என்று பொருள். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் வரிசையாக வைக்கவும். மெல்லிய ஷிம் தகடுகளை எங்கிருந்து எடுத்தோமோ அந்த இடத்தின் பெயரெழுதிக் கட்டி வைக்கவும். கைபேசியில் படம் எடுத்துக்கொள்வதும் உதவும்.

எவற்றை மாற்றுவது?

1. பேரிங்: மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்தி, சிறிது ஆயில் விட்டுக் கையால் மெதுவாகச் சுற்றவும். கரடு தட்டினாலும், ஓடுபாதையில் குழி தெரிந்தாலும் மாற்றவும். காற்றழுத்தத்தால் வேகமாகச் சுழற்றக் கூடாது.

2. பற்சக்கரம்: பல்லின் முகத்தில் குழி, செதில் உதிர்வு, விரிசல் இருந்தால் மாற்றவும். ஒன்றோடொன்று சேர்ந்து ஓடும் இரண்டையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். தேய்ந்த பல்லுடன் புதிய பல் சரியாகப் பொருந்தாது. உடைந்த பல்லை வெல்டிங் வைத்து அரத்தால் ராவுவது பயன்தராது. பல்லின் மேற்பரப்பு மட்டுமே கடினப்படுத்தப்பட்டது. வெல்டிங் சூட்டில் அந்தக் கடினம் போய்விடும்.

3. ஆயில் சீல், கேஸ்கட், சர்க்ளிப்: இவை பழையதாக இருந்தால் தயங்காமல் புதியது போடவும். விலை குறைவு; விட்டால் வரும் சேதம் அதிகம்.

4. போர்க், பந்து, ஸ்பிரிங்: புதியதுடன் ஒப்பிட்டுத் தேய்ந்ததை மாற்றவும்.

பூட்டும்போது

பேரிங்கை ஷாப்டில் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டுமே அழுத்தம் கொடுக்க வேண்டும். வெளிவளையத்தைச் சுத்தியலால் அடித்தால் பந்துகள் ஓடுபாதையில் பள்ளம் போடும். இறுக்கமாக இருந்தால் ஆயிலில் 80 முதல் 100 டிகிரி வரை சூடாக்கி ஏற்றலாம். நெருப்பில் நேரடியாகக் காட்டக் கூடாது.

இரண்டு கியர்கள் ஒரே நேரத்தில் விழாமல் தடுக்கப் பல வண்டிகளில் சிறு பின்னோ பந்தோ இருக்கும். அதை மறந்து மூடினால் கியர் பாக்ஸ் பூட்டிக்கொள்ளும். மூடும் முன் ஒவ்வொரு கியராகப் போட்டு ஷாப்டைக் கையால் சுற்றிப் பார்க்கவும். ஆயில் அளவு நிரப்பிய பின்னரே எஞ்சினைக் கிளப்ப வேண்டும். நியூட்ரலில் சில நிமிடங்களும், பின்பு பாரமின்றி ஒவ்வொரு கியரிலும் ஓட்டிய பிறகே கலப்பை மாட்டவும். முதல் 50 மணி நேரம் ஓடியதும் ஆயிலை மாற்றினால் ஆரம்பத் தேய்மானத் துகள்கள் வெளியேறிவிடும்.

ஆயிலே உயிர்

மேற்சொன்ன வகை டிராக்டரில் கியருக்கும் ஹைட்ராலிக் லிப்டுக்கும் ஒரே ஆயில்தான். கியரில் உதிரும் இரும்புச் செதில் லிப்ட் பம்பையும் கெடுக்கும். எனவே கியர் பாக்ஸைச் சீர்செய்யும்போது ஹைட்ராலிக் வடிகட்டியையும் கழுவ வேண்டும். கையேட்டில் கூறிய ஆயிலையே ஊற்றவும்.

சேற்றுழவில் கேஜ் வீல் மாட்டி ஓட்டும் வண்டிக்குள் தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீர் புகும். இரவு முழுதும் வண்டியை நிறுத்திவைத்து, காலையில் எஞ்சினைக் கிளப்பும் முன் டிரெயின் பிளக்கைச் சிறிது தளர்த்தினால், அடியில் தங்கிய தண்ணீர் முதலில் வரும். ஆயில் பால் போல் வெளுத்திருந்தால் முழுவதையும் மாற்றி, சீலையும் மாற்றவும்.

டிராக்டர் பராமரிப்பை முறையாகக் கற்க விரும்புவோர், ஆந்திர மாநிலம் அனந்தபுரம் மாவட்டம் கார்லதின்னேயில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி நிலையத்தை அணுகலாம்.

கியர் பாக்ஸ் வேலையை உழவுக்கு முந்தைய ஓய்வு நாட்களில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை நிறுத்திக் கியர் மாற்றும் பழக்கத்தை ஓட்டுநருக்குக் கற்றுக்கொடுங்கள். ஆயிலைக் காலத்தில் மாற்றுங்கள். இம்மூன்றையும் கடைப்பிடித்தால், ஒருமுறை முழுமையாகச் சீர்செய்த கியர் பாக்ஸ் பல பருவங்கள் தொல்லையின்றி உழைக்கும்.