எல்லா அளவுக்கும் ஒரே டாலரன்ஸா?

அன்புள்ள அம்மணிக்கு,

நீ அனுப்பிய ஷாஃப்ட் டிராயிங்கைப் பார்த்தேன். பேரிங் உட்காரும் விட்டத்துக்கு ±0.01 போட்டிருக்கிறாய். எதிலும் படாமல் நிற்கும் முனையின் நீளத்துக்கும் அதே ±0.01. இறுக்கிக் கேட்டால் நல்ல ஜாப் கைக்கு வரும் என்று நினைத்திருப்பாய். வேலைக்கு வந்த புதிதில் பலருக்கும் இருக்கும் நம்பிக்கைதான் இது. ஆனால் எல்லா அளவும் முக்கியம் என்று எழுதிவிட்டால், லேத்தில் நிற்பவருக்கு உண்மையில் எது முக்கியம் என்று தெரியாமல் போய்விடும். அவராக ஒன்றை ஊகித்து அதில் கவனம் வைப்பார். அது நீ மனதில் வைத்த இடமாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஒவ்வொரு அளவுக்கும் எண்ணை எழுதுமுன் ஒன்றைக் கேட்டுப் பார்: இது கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ எது கெடும்?

உன் ஷாஃப்டில் இருப்பது 6205 பேரிங். உள்விட்டம் 25 மி.மீ. சாதாரண வகுப்பு பேரிங்கில் அந்தத் துளை 25.000-ஐத் தாண்டாது, கீழே 10 மைக்ரான் வரை இறங்கலாம். ஷாஃப்ட் சுற்றுகிறது. உள்வளையம் அதைக் கவ்விக்கொண்டு கூடவே சுற்ற வேண்டும். நழுவ ஆரம்பித்தால் ஷாஃப்டைத் தேய்த்துத் தின்றுவிடும். அதனால்தான் இங்கே கே6 என்ற டாலரன்ஸைப் போடுகிறோம்: 25.002 முதல் 25.015 வரை. கணக்குப் போட்டுப் பார். குறைந்தபட்ச இறுக்கம் 2 மைக்ரான், அதிகபட்சம் 25. எந்த ஷாஃப்டும் எந்த பேரிங்கும் சேர்ந்தாலும் பிடி இருக்கும். நீ போட்ட ±0.01-ல் ஷாஃப்ட் 24.990 வரை இறங்கலாம். பேரிங் 25.000-ஆக வந்தால் 10 மைக்ரான் லூஸ். டிராயிங் முழுக்க இறுக்கிவிட்டு, இறுக்கம் உயிராக இருந்த ஒரே இடத்தில் லூஸ் விட்டிருக்கிறாய். அந்த ஜாப் இன்ஸ்பெக்‌ஷனில் பாஸும் ஆகிவிடும், ஏனென்றால் உன் டிராயிங்படி அது சரி.

ஹவுசிங் பக்கம் கதை வேறு. அங்கே வெளிவளையம் சுற்றுவதில்லை. 52 மி.மீ. துளைக்கு எச்7, அதாவது 52.000 முதல் 52.030 வரை கொடுத்தால் போதும், கையால் தள்ளினாலே உட்காரும். ஷாஃப்ட் சூடேறி நீளும்போது ஒரு பக்கத்து பேரிங் நகர இடம் வேண்டும், அதற்கும் இது வழிவிடும்.

மிச்ச அளவுகளைத் தனித்தனியாக இறுக்காதே. டைட்டில் பிளாக்கில் ‘ஐஎஸ்ஓ 2768 எம்’ என்று ஒரு வரி எழுது. 6-க்கு மேல் 30 மி.மீ. வரை ±0.2, 120 வரை ±0.3 என்று அதுவே பார்த்துக்கொள்ளும். ±0.3 என்றால் ஒரு கட், வெர்னியரில் ஒரு பார்வை, முடிந்தது. 13 மைக்ரான் அகலத்துக்குள் நிற்க வேண்டுமென்றால் பொதுவாக மெட்டீரியல் விட்டுக் கடைந்து, கிரைண்டிங்குக்கு அனுப்பி, மைக்ரோமீட்டரில் பார்க்க வேண்டும். வேறு மெஷின், வேறு செட்டிங், வேறு கூலி. அந்தப் பணத்தை பேரிங் சீட்டில் செலவழி, சும்மா நிற்கும் முனையில் வேண்டாம். 0.02 வரை மட்டுமே படிக்கும் வெர்னியர்தான் ஒரு பட்டறையில் இருக்கிறது என்றால், அங்கே ±0.01 கேட்பதில் பொருளே இல்லை.

ஃபிளாஞ்ச் துளைகளைச் சங்கிலியாக ஒன்றிலிருந்து ஒன்றாக அளந்திருக்கிறாய். ஒவ்வொன்றுக்கும் ±0.1 என்றால் ஐந்தாவது தாவலில் ±0.5 தள்ளிப்போகலாம். எல்லாவற்றையும் ஒரே டேட்டத்திலிருந்து கொடு. முடிந்தால் பொசிஷன் டாலரன்ஸாகவே கொடு. இரண்டு திசையிலும் ±0.1 என்றால் துளையின் மையம் நிற்கக்கூடிய இடம் ஒரு சதுரம். அதன் மூலை நடுவிலிருந்து 0.14 தள்ளி இருக்கிறது. அந்த மூலையில் நிற்கும் துளையை நீ ஏற்கிறாய் என்றால், அதே தூரத்தில் வேறு திசையில் நிற்பதையும் ஏற்கத்தான் வேண்டும், போல்ட்டுக்குத் திசை தெரியாது. 0.28 விட்டமுள்ள வட்டமாகக் கொடுத்தால் பரப்பு 57 சதவீதம் கூடுகிறது. ஸ்காட்லாந்தில் டார்பிடோ தொழிற்சாலையில் வேலை பார்த்த ஸ்டான்லி பார்க்கர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தையொட்டி எடுத்துச் சொன்ன கருத்து இது. நல்ல ஜாபைக் குப்பையில் போடுவதை அது தடுத்தது. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு.

இன்னும் இரண்டு விஷயம். டிராயிங்கில் உள்ள அளவு 20 டிகிரி வெப்பநிலைக்கானது. நம் கோவைப் பட்டறையில் மே மாதம் 35 டிகிரி இருந்தால் 100 மி.மீ. அலுமினியம் சுமார் 35 மைக்ரான் நீளும், ஸ்டீல் 17 மைக்ரான் நீளும். இரண்டும் சேரும் இடத்தில் இதை மறக்காதே. அடுத்தது துத்தநாகப் பூச்சு. ஒரு பக்கம் 8 மைக்ரான் ஏறினால் விட்டத்தில் 16 கூடும். உன் கே6-ன் அகலத்தையே அது விழுங்கிவிடும். ‘அளவு பூச்சுக்குப் பின்’ என்று எழுது, இல்லை பேரிங் சீட்டில் பூச்சு வேண்டாம் என்று குறித்துவிடு.

ஆர்டர் போடுமுன் பட்டறைக்குப் போய் டிராயிங்கை விரித்து, எந்த அளவு தொல்லை தரும் என்று லேத்தில் நிற்கும் அண்ணனிடம் கேள். முதல் ஜாப் வந்ததும் ரிப்போர்ட்டில் ‘ஓகே’ என்று மட்டும் எழுதி வாங்காதே, அளந்த எண்ணையே வாங்கு. பேரிங் சீட் பத்து ஜாபிலும் 25.013, 25.014 என்றே வந்தால் அவர் மேல் எல்லையை ஒட்டி நிறுத்துகிறார் என்று அர்த்தம். கிரைண்டிங் வீல் கொஞ்சம் தேய்ந்தாலும் அடுத்த ஜாப் வெளியே போய்விடும். அப்போதே ஃபோன் செய்து 25.008-ஐக் குறி வைக்கச் சொல்.

அன்புடன்,
உன் மாமா