கணினிக் கணக்கில் களவு: தாமதமே பெரு நட்டம்

கல்லாப்பெட்டியை உடைத்திருந்தால் காலையில் கடை திறந்தவுடன் தெரிந்துவிடும். கம்ப்யூட்டரில் உள்ள கணக்கும் வாடிக்கையாளர் விபரமும் திருடு போனால் அப்படித் தெரியாது. திருடுபவன் நகல் எடுத்துப் போகிறான். அசல் வைத்த இடத்திலேயே இருக்கிறது. ஆகவே எத்தனை சீக்கிரம் கண்டுபிடிக்கிறோம் என்பதைப் பொறுத்தே நட்டம் கூடும், குறையும்.

அமெரிக்காவின் டார்கெட் என்னும் பெரிய சில்லறை வணிக நிறுவனத்தில் நடந்தது நமக்கு நல்ல பாடம். 2013 நவம்பர் 27 முதல் டிசம்பர் 15 வரை, அதன் கடைகளில் தேய்க்கப்பட்ட சுமார் 4 கோடி கார்டுகளின் விபரம் களவு போயிற்று. 7 கோடி பேரின் பெயர், முகவரி போன்றவையும் போயின. குளிர்சாதன வேலைகளைச் செய்துவந்த ஒரு சிறு ஒப்பந்ததாரரின் பாஸ்வேர்டைத் திருடி, அதைக் கொண்டே உள்ளே நுழைந்தார்கள்.

நவம்பர் 30 அன்றே பாதுகாப்பு சாப்ட்வேர் எச்சரித்தது. பெங்களூரில் இருந்த கண்காணிப்புக் குழு அதைத் தலைமையகத்துக்குத் தெரிவித்தது. அங்கே, மேல் நடவடிக்கை தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். டிசம்பர் 12 அன்று அமெரிக்க நீதித்துறை சொன்ன பிறகே விழித்துக்கொண்டார்கள். 2017-ல் மாநில அரசுகளுக்கு மட்டும் 1 கோடியே 85 லட்சம் டாலர் கொடுக்க நேர்ந்தது. மணி அடித்தது, எழுந்து பார்க்கத்தான் ஆள் இல்லை.

நம் கடைகளில் செய்ய வேண்டியவை:

1. இரவு கடை சாத்துமுன் பில் தொகையையும் யு.பி.ஐ. வரவையும் வங்கிக் கணக்குடன் ஒத்துப் பாருங்கள். மறுநாளுக்குத் தள்ள வேண்டாம்.

2. ஆளுக்கொரு பாஸ்வேர்டு இருக்கட்டும். வேலையை விட்டு நின்றவருடையதையும், பழுது பார்க்க வந்தவருக்குக் கொடுத்ததையும் அன்றே ரத்து செய்யுங்கள்.

3. கேட்காமல் வரும் ஓ.டி.பி., கடை சாத்திய பின் திருத்தப்பட்ட பில், "உங்கள் கடை பெயரைச் சொல்லி போன் வந்தது" என்று வாடிக்கையாளர் சொல்வது ஆகியவை எச்சரிக்கை மணிகள். மொத்த வியாபாரி பெயரில் புது வங்கிக் கணக்கு எண் வந்தால், பழைய போன் எண்ணில் அவரிடமே பேசி உறுதி செய்யுங்கள்.

4. சந்தேகம் வந்தால் முதலில் இன்டர்நெட் இணைப்பைத் துண்டியுங்கள். எதையும் அழிக்க வேண்டாம், அது சாட்சியம். தேதி, நேரத்தைக் குறித்து வையுங்கள். வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள்.

5. பணம் போயிருந்தால் உடனே வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் சொல்லுங்கள். பணம் அடுத்த கணக்குக்குக் கைமாறுமுன் நிறுத்தினால்தான் திரும்பக் கிடைக்க வழியுண்டு. நிறுவனங்கள் இத்தகைய சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022-ல் உத்தரவிட்டுள்ளது.

6. யாருடைய விபரம் போயிற்றோ அவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கடன் நோட்டில் பெயர் வைத்திருப்பவர் நம்மை நம்பித்தான் போன் எண் கொடுத்திருக்கிறார். பிறர் சொல்லி அவர் அறிந்தால் அந்த நம்பிக்கை போய்விடும்.

வங்கி மேலாளர், சாப்ட்வேர்காரர், 1930 ஆகிய எண்களை ஒரு அட்டையில் எழுதிக் கல்லாவுக்கு அருகில் ஒட்டிவையுங்கள். முதலாளி கொள்முதலுக்கு வெளியூர் போயிருக்கும் நாளில், யார் இணைப்பைத் துண்டிப்பது, யார் வங்கிக்குச் சொல்வது என்பதையும் இன்றே பேசி முடிவு செய்துவிடுவோம்.