தலைகீழ் வகுப்பறை: ஆசிரியர் பயிற்சி – முக்கியக் குறிப்புகள்

(பி.எட்., டெட், டி.ஆர்.பி. எழுதுவோருக்கு)

● பாடத்தை வீட்டில் கேட்டுவிட்டு வருவது, வீட்டுப்பாடத்தை வகுப்பில் செய்வது: இதுதான் தலைகீழ் வகுப்பறை. "வகுப்பில் வீடியோ போட்டுக் காட்டுதல்" என்று விடைகளில் ஒன்று இருந்தால் ஏமாறாதீர்கள். அது பழைய வகுப்பேதான். கரும்பலகை இருந்த இடத்தில் திரை, அவ்வளவே.

● பரவலாக்கியவர்கள்: ஜோனதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உட்லண்ட் பார்க் உயர்நிலைப் பள்ளியின் வேதியியல் ஆசிரியர்கள். ஆண்டு 2007. விளையாட்டுப் போட்டி, வெளியூர்ப் பயணம் என்று வகுப்பைத் தவறவிட்ட பிள்ளைகளுக்காகப் பாடத்தைப் பதிவு செய்தார்கள். தவறாமல் வந்த பிள்ளைகளும் அதையே திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். நூல் வெளியானது 2012.

● "பொருத்துக"வுக்கு:
எரிக் மசூர் – ஹார்வர்டு, இயற்பியல், சக மாணவர் கற்பித்தல் (1991 முதல், நூல் 1997).
ஆலிசன் கிங் – ஆசிரியரை வழிகாட்டியாகப் பார்த்த கட்டுரை, 1993.
லாஜ், பிளாட், டிரெக்லியா – பொருளியல் வகுப்பு, 2000. இவர்களின் மயாமி பல்கலைக்கழகம் இருப்பது ஒஹாயோவில், ஃபுளோரிடாவில் அல்ல!

● நான்கு தூண்கள் (2014): நெகிழ்வான சூழல், கற்றல் பண்பாடு, நோக்கமறிந்து தேர்ந்த பாடப்பொருள், தொழில்திறன் மிக்க ஆசிரியர். ஆங்கிலத்தில் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'ஃபிளிப்'.

● புளூம் வகைப்பாடு (1956, திருத்தம் 2001): நினைவுகூர்தலும் புரிந்துகொள்ளுதலும் வீட்டுக்கு. பயன்படுத்துதல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், படைத்தல் வகுப்புக்கு. திருத்தத்தில் உச்சியில் இருப்பது படைத்தல்.

● பயிற்சியில் எதைக் கற்றுத்தர வேண்டும்? பெரும்பாலோர் சறுக்கும் இடம் இதுதான். வீடியோ எடுப்பதும் வெட்டி ஒட்டுவதும் ஒரு நாளில் பிடிபட்டுவிடும். வகுப்பில் மிச்சமாகும் நாற்பது நிமிடத்தை என்ன செய்வது என்பதுதான் கடினம். பாதிப் பேருக்குப் புரிந்து பாதிப் பேர் விழிக்கும் கேள்வியாகப் பார்த்துக் கேட்க ஆசிரியருக்குத் தெரிய வேண்டும். மசூர் பாணியில் ஒன்று: நடுவில் வட்டத்துளை உள்ள உலோகத் தகட்டைச் சூடாக்கினால் துளை பெரிதாகுமா, சிறிதாகுமா? "உலோகம் விரியும், அதனால் துளை சுருங்கும்" என்று பலர் கை தூக்குவார்கள். ஆசிரியர் விடையைச் சொல்லிவிடக் கூடாது. பக்கத்தில் இருப்பவரோடு வாதாட விட வேண்டும். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதைப் பார்த்த பிள்ளை ஒருவர் இருந்தால் போதும். பழுக்கக் காய்ச்சிய பட்டை கட்டையில் சுலபமாக ஏறுகிறதென்றால், துளை பெரிதாகியிருக்கிறது என்றுதானே பொருள்!
சரியான விடை சொன்னோர் சுமார் 30 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் பாடத்தை மறுபடி விளக்கு. 30 முதல் 70 வரை என்றால் பேச விடு. அதற்கு மேல் என்றால் சுருக்கமாக விளக்கி அடுத்ததற்குப் போ.

● இதற்கு நுண்ணிலைக் கற்பித்தலே நல்ல களம். கிளறு வினா கேட்கும் திறனை ஐந்தாறு நிமிடப் பாடத்தில் பழக்கலாம். பயிற்சி வகுப்பையும் தலைகீழாகவே நடத்துவது முறை. பி.பி.டி.யை இரண்டு மணி நேரம் வாசித்துக் காட்டித் தலைகீழ் வகுப்பறையை விளக்கும் பயிற்சிகளும் உண்டு; சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

● இந்தியா, தமிழ்நாடு: தீக்ஷா தளம் – 5 செப்டம்பர் 2017. நிஷ்தா ஆசிரியர் பயிற்சி – ஆகஸ்ட் 2019. கல்வித் தொலைக்காட்சி – 26 ஆகஸ்ட் 2019. மணற்கேணி செயலி – 2023. தேசியக் கல்விக் கொள்கை 2020: ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரத் தொடர் பயிற்சி.

● சூழல் வினா: "வீடியோ பார்க்காமல் வந்த மாணவரை என்ன செய்வீர்?" வகுப்பின் ஓரத்தில் உட்காரவைத்து அங்கேயே பார்க்கச் செய்வதே விடை. அவருக்காகப் பாடத்தை முழுவதுமாக மறுபடி நடத்தினால், மறுநாள் பார்த்துவிட்டு வர யாருக்கும் காரணம் இருக்காது. வீட்டில் போனே இல்லாத பிள்ளைக்கும் இந்த ஓரம்தான், ஆனால் அது தண்டனையாகத் தெரியக் கூடாது.