மோஸ்தர் ஏறுவதும் இறங்குவதும்

புளத்கொகுபிட்டியத் தோட்டங்களில் பல லயத்து வீடுகளில், கட்டிலுக்கடியில் ஒரு பழைய தகரப்பெட்டி இருக்கும். அதைத் திறந்து பாருங்கள். அடியில் பாட்டியின் நைலோன் சேலை. அதன்மேல் தாத்தா இளமையில் போட்ட ‘பெல்பொட்டம்’ களிசான். அதற்கும் மேலே அம்மாவின் உப்பிய கை வைத்த சட்டை. அன்று டவுனுக்கு இறங்கி, கடை கடையாய் ஏறி, ஆசையோடு எடுத்த துணிகள் இவை. இன்று பிள்ளைகள் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறார்கள். துணி கிழியவில்லை, சாயமும் போகவில்லை. அப்படியானால் போனது எது? இதையே இன்றைய பாடமாக எடுத்துக்கொள்வோம்.

ஏறுவது எப்படி?

ஜெர்மன் அறிஞர் ஜோர்ஜ் சிம்மெல் 1904ஆம் ஆண்டில் மோஸ்தரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மனிதனுக்கு இரண்டு ஆசைகள் உண்டு என்பது அவர் கருத்து. ஒன்று, நாலு பேரைப் போல இருக்கவேண்டும் என்பது. மற்றது, நாலு பேரிலிருந்து வேறாகத் தெரியவேண்டும் என்பது. வசதியுள்ளவர் புதியதொன்றை உடுத்துகிறார். அவரைப் பார்த்து அடுத்தவர் உடுத்துகிறார். எல்லோரும் உடுத்தியதும், முதலில் உடுத்தியவர் அதைக் கைவிட்டு வேறொன்றைத் தேடுகிறார். ஆகவே ஒரு மோஸ்தர் எங்கும் பரவும் நாளே அது விழத் தொடங்கும் நாளுமாகிறது.

நம் நாட்டிலும் இதைக் கண்டோம். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. துணிக்குத் தட்டுப்பாடு. அந்நாளில் வெளிநாட்டுச் சேலை கட்டியவரை ஊரே திரும்பிப் பார்த்தது. 1977இன் இறுதியில் திறந்த பொருளாதாரம் வந்தது. வெளிநாட்டுத் துணி நடைபாதைக் கடைவரை வந்து குவிந்தது. எல்லோர் கைக்கும் எட்டியபின் அதே சேலையைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. சேலை மாறவில்லை, பார்த்த கண்கள் மாறின.

கீழிருந்தும் ஏறும்

மோஸ்தர் எப்போதும் மேலிருந்து கீழே வருவதில்லை. ஜீன்ஸ் களிசானைப் பாருங்கள். பைகள் கிழியாதிருக்கச் செப்பு ஆணி அறையும் முறைக்கு, 1873இல் அமெரிக்காவில் லீவை ஸ்ட்ராஸும் ஜேக்கப் டேவிஸ் என்ற தையற்காரரும் உரிமம் பெற்றனர். கடின வேலை செய்த உழைப்பாளிகளுக்காகத் தைத்த உடை அது. 1950களில் சினிமா வழியாக இளைஞரிடம் பரவியது. இன்று பணக்காரரும் விரும்பி அணிகிறார்கள். பெல்பொட்டமும் முதலில் மாலுமிகளின் உடையே. உழைப்பவர் உடை தாழ்ந்தது என்று எண்ணுவோர் இதைக் கவனிக்கவேண்டும்.

திரும்பியும் வரும்

குரோபர், ஜேன் ரிச்சட்சன் என்ற இரு ஆய்வாளர்கள், மேலைநாட்டுப் பெண்களின் உடைகளைக் காட்டும் மூன்று நூற்றாண்டுப் படங்களை அளந்து, 1940இல் முடிவை வெளியிட்டனர். பாவாடையின் அகலம் விரிந்து, சுருங்கி, மீண்டும் விரிய ஏறக்குறைய 100 ஆண்டுகள் ஆயின. சில்லறை அலங்காரம் விரைவில் மாறும். உடையின் பெரிய வடிவம் மெதுவாகவே மாறும். உப்பிய கை 1830களில் மேலைநாடுகளில் இருந்தது, 1890களில் திரும்பியது, 1981இல் இளவரசி டயானாவின் திருமண உடையிலும் அதைக் கண்டோம். ஆகவே, “இந்தக் காலத்துப் பிள்ளைகளின் உடுப்பு!” என்று கடியும் பெற்றோர், தங்கள் வாலிபத்துப் படத்தை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது.

கணக்கு யார் தலையில்?

1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. பின்னாளில் ஆடை ஏற்றுமதி வருமானம் தேயிலையையே முந்தியது. நம் தோட்டத்துப் பிள்ளைகளும் ‘கார்மன்ட்’ வேலைக்குப் போகிறார்கள். வெளிநாட்டுக் கடைகள் பருவத்துக்குப் பருவம் மோஸ்தரை மாற்றும்போது, குறித்த நாளில் தைத்து முடிக்கும் அவசரம் இவர்களின் கைகளில் விழுகிறது.

வீட்டிலோ, பண்டிகை முற்பணம் வாங்கி நத்தாருக்குத் துணி எடுக்கிறோம். அது மாதாமாதம் சம்பளத்தில் கழிகிறது. கடன் கழிந்து முடியுமுன் மோஸ்தர் கழிந்துவிடுகிறது.

இதற்காகப் பிள்ளைகளைக் கடிந்து பயனில்லை. டவுன் பள்ளியில் “தோட்டத்துப் பிள்ளை” என்ற ஏளனத்துக்கு அஞ்சியே சிலர் புது உடுப்புக் கேட்கிறார்கள். அந்த வலியைப் பெற்றோர் முதலில் கேட்கவேண்டும். பிறகு வீட்டுக் கணக்கைப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசலாம். சம்பளத்தில் என்ன கழிகிறது என்று காட்டலாம். தைக்கக் கொடுக்கும்போது உள்ளே துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். பிள்ளை வளர்ந்தால் பிரித்து விடலாம். அக்காளின் புதுநன்மைச் சட்டையைத் தங்கை போடும்போது யாரும் சிரிப்பதில்லை.

கொழுந்து எடுப்பவர் இடுப்பில் கட்டும் படங்கைப் பாருங்கள். அது மோஸ்தரில் ஏறியதுமில்லை, இறங்கியதுமில்லை. செடியின் ஈரமும் கீறலும் உள்ளவரை அதற்கு வேலை உண்டு. பயன் பார்த்து எடுத்த துணி நிலைக்கும்; பிறர் கண்ணுக்காக எடுத்த துணி, அந்தக் கண் திரும்பும் வரைக்குந்தான்.

குடும்பமாகச் சிந்திக்க

1. நம் வீட்டுப் பெட்டியில் கிழியாமலே கைவிட்ட துணிகள் எத்தனை? ஏன் கைவிட்டோம்?

2. சென்ற பண்டிகைக்கு எடுத்த துணியின் கடன் முடிந்ததா? அந்தத் துணி இன்றும் உடுத்தப்படுகிறதா?

3. உடுப்பைக் காட்டி யாரையாவது நாம் ஏளனம் செய்ததுண்டா?