கிளினிக் நடத்த ஓர் இடம்: தேடுவதும் பராமரிப்பதும்

மீளக்குடியேறிய முதல் மாதங்களில் வீடு, கிணறு, வேலி என்று வேலைகள் குவிந்து கிடக்கும். கிளினிக் நடத்த இடம் வேண்டும் என்ற பேச்சு கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் கடைசியாகத்தான் வரும். ஆனால் குழந்தைக்கு இரண்டாம், நான்காம், ஆறாம் மாதங்களில் போடவேண்டிய ஊசிகள் நாங்கள் கூரை போட்டு முடிக்கும்வரை காத்திருப்பதில்லை. அடுத்த ஊருக்குக் கைக்குழந்தையோடு வெயிலில் நடக்க வேண்டுமென்றால், முதல் ஊசிக்குப் போன தாய் மூன்றாவது ஊசிக்குப் போகாமல் விட்டுவிடக்கூடும்.

மருத்துவ மாது என்று நாம் சொல்லும் குடும்ப நல உத்தியோகத்தரை அனுப்புவதும் கிளினிக் நாளைக் குறிப்பதும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் பொறுப்பு. இடத்தைத் தேடிக் காட்டுவதில் நீங்கள் உதவலாம். அது பொருத்தமானதா என்று சொல்வது அவர்கள். ஆகவே சுவருக்கு வெள்ளை அடித்த பிறகு அல்ல, அதற்கு முன்னரே பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்துக் காட்டுங்கள். கண்ணிவெடி அகற்றப்பட்ட பகுதிதானா என்பதையும் கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். கட்டடத்துக்குப் போகும் பாதையை மட்டும் கேட்டால் போதாது; மலசலகூடம் வெட்டப்போகும் பின்வளவையும் சேர்த்துக் கேளுங்கள்.

பெரிய கட்டடம் தேவையில்லை. தாய்மார் இருக்கவும் பிள்ளைகளின் நிறை பார்க்கவும் ஒரு நிழலான இடம், தராசைத் தொங்கவிட உக்காத ஒரு வளை, கதவு பூட்டக்கூடிய ஓர் அறை. இந்த அறையில்தான் பலர் சமாளிக்கப் பார்க்கிறார்கள். தறப்பாளால் மறைத்த மூலை போதாது. வெளியே ஆட்கள் கதைப்பது கேட்டால் கர்ப்பிணித் தாய் பரிசோதனைக்குப் படுக்கத் தயங்குவார். வீட்டில் அடி வாங்குகிறேன் என்று சொல்ல வந்தவரும் சொல்லாமலே திரும்பிவிடுவார். ஊசி போட்ட குழந்தையை 20 நிமிடங்களாவது அங்கேயே வைத்திருந்து பார்க்க வேண்டும் என்பதால் வாங்குகளும் வேண்டும்.

கோயில் மடத்தைக் கொடுக்க நிருவாகம் முன்வந்தால் அது நல்ல மனம்தான். ஆயினும் துடக்குள்ள தாய் அந்த வாசலைத் தாண்டுவாரா, ஊரின் எல்லாக் குடும்பங்களும் அங்கே தயக்கமின்றிக் கால் வைப்பார்களா என்று பெண்களிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள். கூட்டத்தில் கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். பாடசாலை வகுப்பறை என்றால் கிளினிக் நாளில் பிள்ளைகள் மரத்தடிக்குப் போக நேரும். பொதுநோக்கு மண்டபமோ சனசமூக நிலையமோ இருந்தால் அதுவே மேல்.

தனியார் வீட்டை அல்லது காணியைப் பயன்படுத்தும்போது மிகவும் கவனம் தேவை. உரிமையாளர் இன்னும் திரும்பவில்லை, வெறுமையாகக் கிடக்கிறது என்பதற்காக உள்ளே போகவேண்டாம். அவர் நாளை வருவார். அவருக்கும் அது ஒரே வீடாக இருக்கலாம். தற்காலிகமாக, கேட்கும்போது திருப்பித் தருவதாக இருந்தால் கிராம அலுவலருக்கு முன்னால் ஒரு கடிதம் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையோ காணி நன்கொடையோ என்றால் வாய்ச்சொல்லும் வெறும் கடிதமும் செல்லாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி அது நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் கையொப்பமிட்ட உறுதியாக இருக்கவேண்டும். அரச காணியானால் பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பியுங்கள். எங்களைப் போன்ற நிறுவனங்கள் கட்டடம் கட்டித்தர வரும்போதும் முதலில் கேட்பது இந்தப் பத்திரத்தைத்தான். பத்திரம் இல்லாத காணியில் அத்திவாரம் போட்டால், வழக்கு வரும் நாளில் நிறுவனம் ஊரில் இருக்காது; நீங்கள்தான் இருப்பீர்கள்.

மலசலக்குழி கிணற்றிலிருந்து 30 மீற்றர், அதாவது ஏறத்தாழ 100 அடி, தள்ளி இருக்கட்டும். மழைக்காலத்தில் நீர்மட்டம் எவ்வளவு உயரும் என்பதை ஊரின் மூத்தவர்கள் சொல்வார்கள். குழியின் அடி அந்த மட்டத்துக்கு ஒன்றரை மீற்றராவது மேலே நிற்கவேண்டும். பாவித்த ஊசிகளைச் சுகாதாரப் பணியாளர்களே எடுத்துச் செல்லவேண்டும். பின்வளவில் புதைக்கவோ எரிக்கவோ விடாதீர்கள். சிரட்டை, யோகட் கோப்பை, கூரைப் பீலியில் தேங்கும் தண்ணீர் ஆகியவற்றைக் கிளினிக்குக்கு முதல் நாள் பார்த்து அகற்றுங்கள். டெங்கு நுளம்பு கிளினிக் வளவிலேயே பெருகினால் பரிசோதகர் யாருக்கு அறிவுரை சொல்வது?

மின்கட்டணம், துப்புரவு, உடைந்த பூட்டு என்று சிறு செலவுகள் வரும். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திடம் இதை ஒப்படைத்து, கணக்கை ஒரு கொப்பியில் எழுதிவைப்பது நல்லது. வேறு கூட்டங்களுக்கு மண்டபத்தைக் கொடுப்பதும் அவர்கள் முடிவாக இருக்கட்டும். கிளினிக் நாள் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்கப்படாது. தராசு, கட்டில், மேசை ஆகியவற்றுக்கு ஒரு பட்டியல் எழுதி மருத்துவ மாதின் கையொப்பத்தையும் வாங்குங்கள்.

திறப்பு இரண்டு இருக்கவேண்டும். ஒன்று மருத்துவ மாதிடம். மற்றது சங்கத் தலைவர் வீட்டில் அல்ல, கட்டடத்துக்கு மிகக் கிட்ட உள்ள, பகலில் ஆள் இருக்கும் வீட்டில்.