செப்பேடும் செயல்நிரலும்

கொச்சியின் மட்டாஞ்சேரியிலே ஜூ டவுன் என்றொரு பகுதி உண்டு. மிளகு வாணிகத்தால் பெயர்பெற்ற அத்தெருவின் முடிவில், 1568இல் எழுப்பப்பெற்ற பரதேசி யூதர் வழிபாட்டிடம் நிற்கின்றது. அங்குக் காக்கப்பட்டு வந்த இரண்டு பொருள்கள், மென்பொருள் பயிலும் மாணவர்க்கு இரண்டு பாடங்களைக் கற்பிக்கின்றன.

முதலாவது ஒரு செப்பேடு. ஏறத்தாழக் கி.பி. 1000இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு 72 உரிமைகளை வழங்கியதை அது வட்டெழுத்தில் கூறுகின்றது. கொடுத்தவர் யார், பெற்றவர் யார், கொடுத்தது எது, சாட்சிகள் யார் என்பனவெல்லாம் அதில் உள. ஐயம் எழுந்தால் ஏட்டைப் பார்த்தால் போதும்.

நிரலுக்கும் இத்தகைய ஏடு வேண்டும். அதுவே பதிப்புக் கட்டுப்பாடு. நால்வர் கூடி ஒரு நிரல் எழுதும்போது ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘உண்மையான இறுதி’ என்று கோப்புகள் பெருகுவதையும், ஒருவர் உழைப்பை மற்றொருவர் அறியாமலே அழித்துவிடுவதையும் நாம் காண்கின்றோம் அல்லவா? 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஆக்கிய ‘கிட்’ என்னும் கருவி இக்குழப்பத்தைத் தீர்க்கின்றது. நிரலின் அப்போதைய நிலையைப் பதிவு செய்வதைக் ‘கமிட்’ என்பர். செய்தவர் பெயர், நேரம், காரணம், முந்திய பதிவு ஆகியவை அதில் அடங்கும். இவற்றிலிருந்தே அப்பதிவின் அடையாள எண் கணக்கிடப்படுகின்றது. பழைய பதிவில் ஓரெழுத்தை மாற்றினாலும் எண் மாறிவிடும். எனவே மறைவாகத் திருத்த இயலாது.

இரண்டாவது பொருள் தோராச் சுருள். கையால் எழுதப்படும் அதில் 3,04,805 எழுத்துகள் உண்டு என்பர். ஓரெழுத்துப் பிழைபட்டாலும், திருத்தும் வரையில் அது வழிபாட்டில் ஓதத் தகுதியற்றது. ஆகவே எழுதினால் மட்டும் போதாது. எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தலும் வேண்டும். நிரலின் சிறு பகுதி ஒவ்வொன்றையும் இவ்வாறு தனித்தனியே சரிபார்ப்பதே அலகுச் சோதனை.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். மிளகுக் கடைக்கு ஒரு நிரல் எழுதுகின்றோம். குவிண்டால் விலை ரூ.60,000 எனக் கொள்வோம். 200 கிலோவுக்கு ரூ.1,20,000 வருகின்றது, 300 கிலோவுக்கு ரூ.1,80,000 வருகின்றது. சரியென்று மகிழ்கின்றோம். ஆனால் 250 கிலோவுக்கும் ரூ.1,20,000 என்றே வருகின்றது! கிலோவை 100ஆல் வகுக்கும்போது பின்னத்தை விட்டுவிடும் முழுஎண் வகுத்தலைப் பயன்படுத்தியதே காரணம். வணிகருக்கு ரூ.30,000 இழப்பு. ஆதலால் எளிய எண்களோடு நில்லாமல் 250, 50, 0 ஆகியவற்றையும், ஏற்கக்கூடாத −5ஐயும் கொடுத்துச் சோதித்தல் வேண்டும். எனினும் சோதனைகள் யாவும் தேறியதனாலேயே பிழை இல்லையென்று கொள்ளற்க. சோதனை, பிழை இருப்பதைக் காட்டும், இல்லாமையை மெய்ப்பிக்காது.

ஏடும் சோதனையும் ஒன்றுசேர்ந்தால் வலிமை மிகும். நேற்றுத் தேறிய சோதனை இன்று தவறுகின்றது. இடையிலோ 1,000 பதிவுகள். எந்தப் பதிவில் பிழை நுழைந்தது? ‘கிட் பைசெக்ட்’ என்னும் கட்டளை நடுப்பதிவை எடுத்துத் தருகின்றது. அதில் சோதனை தேறினால் பிழை பிற்பாதியில், தவறினால் முற்பாதியில். இவ்வாறு பாதி பாதியாகக் குறைத்தால் ஏறத்தாழப் 10 சோதனைகளில் குற்றப்பதிவு அகப்படும். ஏடு இல்லையேல் தேடுவதற்கு இடமில்லை. சோதனை இல்லையேல் தேடுவதற்கு அளவுகோல் இல்லை.

மாணவ நண்பர்களே! அடுத்த செயல்திட்டத்தின் முதல் நாளிலேயே ஏட்டைத் திறந்துவிடுங்கள். சிறு சிறு மாற்றமாகப் பதியுங்கள். ‘ஏதோ மாற்றினேன்’ என்று எழுதாமல் காரணத்தைத் தெளிவாக எழுதுங்கள். பிழை ஒன்று கண்டால், திருத்துமுன் அதைக் காட்டும் சோதனையை முதலில் எழுதுங்கள். அப்பிழை மீண்டும் தலைகாட்டினால் அச்சோதனையே உங்களுக்கு அறிவித்துவிடும்.